இரண்டு பூட்டுச் சந்தை

அம்மா உட்கார்ந்து வியாபாரம் பார்த்த இடத்தில் இப்போது ஒரு கூடம் நின்றது. கண்ணாடிக் கூரை, கால் வழுக்கும் தரை, கழிப்பறையில் கை காயவைக்க ஒரு இயந்திரம். குறை சொல்ல ஒன்றுமில்லை, வாங்கவும் விற்கவும் ஆள் இல்லை என்பதைத் தவிர.

கூடம் வருவதற்கு முன் அங்கே சாலைக்குக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி கிடந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. இந்தப் பக்கம் அம்மா ஊக்கு, பொத்தான், எலாஸ்டிக், ரப்பர் செருப்பு என்று விரித்துப் போட்டிருப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி துணிமூட்டையோடு வருவாள். அவளை வேற்று நாட்டுக்காரி என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. எதிர்வீட்டுக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். இரண்டு அரசாங்கங்களும் முகம் கொடுத்துப் பேசாத வருஷங்களில்கூட இவர்கள் கம்பிக்கு மேலே சரக்கை மாற்றிக்கொண்டார்கள். அதே கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மருமகன்களைக் கரித்துக்கொட்டினார்கள். காவலுக்கு நின்றவர்கள் டீயைக் குடித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தது அந்த வியாபாரத்தில்தான். சின்னவளைப் படிக்கவைத்ததும் அதில்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் சின்னவள்.

படித்து முடித்த கையோடு அவளுக்கு வேலை கிடைத்தது, அந்தக் கூடத்தைக் கட்டும் திட்டத்திலேயே. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் அவர்கள் பேசுவதை இங்கே சொல்ல வேண்டும், இங்கே பேசுவதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பணம் ஒரு சர்வதேச நிதியத்துடையது. பணக்கார நாடுகள் சேர்ந்து அதில் போடும், இல்லாத நாடுகள் கேட்டு வாங்கும். ஆனால் ஒரு நாடு தனியாகப் போய் நின்றால் கிடைக்காது. பக்கத்து நாட்டோடு கைகோத்துக்கொண்டு போனால்தான் பெட்டி திறக்கும். அண்டை நாடுகளுக்குள் ஒத்துழைப்பு வளர வேண்டுமாம். அதற்காக, ஒருவர் நிழல் ஒருவர்மேல் படாமல் ஒதுங்கிய இரண்டு அமைச்சகங்களும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டன. வந்த பணத்தில் பெரும்பங்கு கொடுத்தவர்களிடமே திரும்பிப் போனது. ஆலோசகர்கள் அங்கிருந்துதான் வர வேண்டும், கூரைக் கண்ணாடியை அங்கேதான் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. மிச்சத்தில் எழுந்தது கூடம். எல்லைக் கோட்டின் மேலேயே, பாதி இங்கே, பாதி அங்கே. பக்கத்துக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு.

இங்கேதான் மூளைக்காரர்கள் கோட்டை விட்டார்கள். எந்த நாடும் மற்றதற்கு விருந்தாளிபோலத் தெரியக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. முதலில் கதவைத் திறக்கிறவன் வீட்டுக்காரன், பிறகு நுழைகிறவன் விருந்தாளி. ஆகவே இரண்டு பூட்டையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். ஒரே நேரம் என்றால் எந்த நேரம்? இரண்டு நாட்டுக் கடிகாரமும் ஒன்றில்லை, வார விடுமுறையும் ஒன்றில்லை. எந்த அதிகாரி எந்த அதிகாரிக்கு முதலில் போன் செய்வது என்பதே இன்னும் பேச்சுவார்த்தையில் இருந்தது. மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் மட்டும் இரண்டு பூட்டும் சொல்லிவைத்தாற்போல் திறந்துகொள்ளும்.

கூடம் வந்ததும் கம்பியை எடுத்துவிட்டு இரண்டு புறமும் ஆளுயரத்துக்கு மேல் சுவர் வைத்தார்கள். இனி வியாபாரம் கூடத்துக்குள்தான். சாலையோரத்தில் விரித்தால் போலீஸ் அள்ளிக்கொண்டு போகும். அம்மா சந்து சந்தாக விரித்துப் பார்த்தாள், சந்து சந்தாக ஓடினாள். எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தே மாதங்கள் ஆகிவிட்டன.

திட்ட ஒருங்கிணைப்பாளர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். நிதியத்திலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார் என்றதும் அவர் சின்னவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அறிக்கை நல்லபடியாகப் போனால் கடைசித் தவணை வரும், அது வந்தால் கூடத்தை நிரந்தரமாகத் திறந்துவிடலாம், திறந்தால் முதல் கடை அம்மாவுக்கு. அதற்கு அம்மா அன்று ஒரு நாள் கடையில் உட்கார்ந்து, வருமானம் இரட்டிப்பாகிவிட்டது என்று சொன்னால் போதும். சின்னவள் தன் மகள் என்பதை மட்டும் அம்மா காட்டிக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் சின்னவள் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மா தயங்கவேயில்லை.

"சாயம் போகாதுன்னு சொல்லி எத்தனை துணியைத் தள்ளிவிட்டிருக்கேன். இது ஒரு பொய்யாடி?"

பார்வையிடும் நாளில் பூட்டுகள் திறந்தன. அந்தப் பக்கக் கதவு வழியாக எதிர்வீட்டுக்காரியும் வந்தாள். அவளுக்கும் யாரோ இதையே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"என்னடி இப்படி இளைச்சுட்டே?"

"நீ மட்டும் என்ன, ஊதிப் போயா இருக்கே?"

மதிப்பீட்டாளர் நடுத்தர வயதுப் பெண். ஏமாளி இல்லை. நாற்காலி போட்டும் உட்காராமல் அம்மாவுக்குச் சமமாகத் தரையில் சம்மணம் போட்டார். அவர் கேட்டதையெல்லாம் சின்னவள் அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா ஒப்பித்ததை அவருக்குச் சொன்னாள். வருமானம் இரட்டிப்பு. சந்தோஷம். கூடம் வசதி. ஒருங்கிணைப்பாளர் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார்.

பிறகு அந்தப் பெண் ஒரு ரப்பர் செருப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தபடி, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல், நேற்று என்னவெல்லாம் விற்றது என்று கேட்டார். அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"நேத்தா?" என்றாள் அம்மா. "நேத்து போலீஸ்காரன் என் மூட்டையைத் தூக்கிட்டுப் போயிட்டான். இந்தக் கடையில இன்னைக்குத்தான் உட்கார்றேன். நீங்க காரைத் திருப்பினதும் பூட்டிடுவாங்க. வெறும் கம்பி கிடந்தப்போ நானும் இவளும் பொழைச்சோம். உங்க காசு வந்துதான் எங்களைப் பிரிச்சுது."

ஒருங்கிணைப்பாளரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் சின்னவளைப் பார்த்தார். புருவம் மட்டும் லேசாக ஏறியது. வேலை ஒன்றும் பெரியதில்லை. நேற்று பத்து ஜோடி செருப்பு விற்றது என்று ஒரு வாக்கியம் போதும். அம்மாவுக்குக் கடை, தனக்கு வேலை, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அம்மா சின்னவளைப் பார்க்கவேயில்லை. தான் சொன்னது அப்படியே போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில் வந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். போலீஸையும் சொன்னாள், பூட்டையும் சொன்னாள்.

மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பயணத்தில் தான் கேட்ட முதல் உண்மையான குரல் இது என்றார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றியாம்."

"நன்றி கிடக்கட்டும். கடையைக் கேளு."

சின்னவள் கேட்டாள். கட்டாயம் எழுதுகிறேன் என்று அவர் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அவர் கார் திரும்பியது. இந்தப் பக்கப் பூட்டு விழுந்தது, அந்தப் பக்கப் பூட்டும் விழுந்தது.

வேலை போச்சு என்றே சின்னவள் நினைத்திருந்தாள். சில வாரம் ஒருங்கிணைப்பாளர் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவரே அறைக்குக் கூப்பிட்டு, டீ வரவழைத்து, அவள் பக்கமாகக் கோப்பையைத் தள்ளினார்.

"உங்கம்மா வாய்க்குச் சர்க்கரை போடணும். அவங்க அப்படிப் பேசலேன்னா, எல்லாம் நல்லபடி முடிஞ்சுதுன்னு இந்தத் திட்டத்தை இதோட இழுத்து மூடியிருப்பாங்க. இப்போ ரெண்டாம் கட்டம் வந்திருக்கு. மூணு வருஷம். உனக்கும் நீட்டிப்பு."

கூடத்தில் குறையில்லை, கூடத்தைப் பயன்படுத்தும் திறன்தான் மக்களிடம் குறைவு என்று அறிக்கை சொன்னதாம். அதனால் வியாபாரம் செய்வது எப்படி என்று பெண்களுக்குப் பயிற்சி உண்டு. யார் யாருக்கு முதலில் போன் செய்வது என்பதற்கு இரண்டு தலைநகரங்களிலும் மாறி மாறிப் பயிலரங்கு உண்டு, விமானச் செலவோடு. சின்னவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடை என்னாயிற்று என்றாள்.

"முதல்ல அடிப்படைக் கணக்கெடுப்பு. இப்போ அவங்க எந்த நிலைமையில இருக்காங்கன்னு பதிவாகணும். அது முடியற வரைக்கும் எதையும் மாத்தக் கூடாது. கஷ்டம் எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே பின்னால முன்னேற்றத்தைக் காட்ட முடியும்?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணும்மா. அவங்க உன் அம்மான்னு அந்த மேடத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. தப்பா எடுத்துக்கல, ஆனா புது விதி ஒண்ணு சேர்த்துட்டாங்க. திட்டத்துல வேலை பார்க்கறவங்க குடும்பத்துக்குக் கடை கிடையாது. நேர்மை பாரு."

சின்னவள் டீயைத் தொடவில்லை.

வீட்டில் அம்மா மிச்சமிருந்த பொத்தான்களையெல்லாம் நிறம் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் கொட்டித் தீர்த்தாள். பயிற்சி, பயிலரங்கு, புது விதி, ஒன்றையும் விடவில்லை. கடைசியில், தான் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். அப்படி விட்டால் அம்மாவுக்குக் கடை கொடுக்க அந்த விதி குறுக்கே நிற்காது.

"விட்டா எனக்குக் கடை நிச்சயமா?"

"விண்ணப்பம் போடலாம்."

"போட்டா?"

"கணக்கெடுப்பு முடியணும். ரெண்டு பக்கமும் ஒத்துக்கணும். அப்புறம் பூட்டு..."

அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள். "உன் சம்பளம் மாசாமாசம் வந்துடுதில்ல?"

"வருது."

"எனக்குக் கடை கிடைக்காத வரைக்கும் வரும்."

அம்மா டப்பாவை மூடினாள்.

"அப்போ வேலைக்குப் போ. யார் யாரோ என் கஷ்டத்துல சம்பளம் வாங்கறாங்க. என் வீட்டுலயும் ஒருத்தி வாங்கிட்டு வரட்டும்."

மறுநாள் காலை சின்னவள் கணக்கெடுப்புக்குக் கிளம்பினாள். முதலில் போனது, கம்பியோரத்தில் அம்மாவுக்கு அடுத்து உட்கார்ந்து பாத்திரம் விற்றவளின் வீடு. அவளும் இப்போது வீட்டோடு கிடந்தாள். போன மாதம் என்ன வருமானம் என்று சின்னவள் கேட்டாள்.

பாத்திரக்காரி கொஞ்சம் யோசித்தாள். "ஏம்மா, கூட்டிச் சொன்னா நல்லதா, குறைச்சுச் சொன்னா நல்லதா?"

"குறைச்சு" என்றாள் சின்னவள்.