நான் அணைத்த இணைப்பு

மலையடிவாரத்து மழைமானி நிலையங்களிலிருந்து வரும் அளவுகளைத் திரட்டி மேலே அனுப்புவது பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் அலுவலகத்தின் வேலை. கணினி இணைப்புகளைப் பார்த்துக்கொள்பவன் நான், சிவசங்கரன். பதினோரு வருட அனுபவம் என்று புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

பாபநாசத்துக்கு மேலே உள்ள நிலையத்தின் ரவுட்டரில் இரண்டு பழைய சீரியல் இணைப்புகள் இருந்தன. சீரியல் பூஜ்யம் எங்கள் அலுவலகத்துக்கு வருவது. சீரியல் ஒன்று, எப்போதோ மூடிவிட்ட கிளை நிலையத்துக்குப் போனது. சும்மா கிடந்த அந்த ஒன்றை அணைத்துவிடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. என் மேஜையிலிருந்தே அந்த ரவுட்டருக்குள் போய் மூன்று வரி தட்டினால் முடிந்தது.

கார்த்திகை மாதம், காலை பத்தரை மணி. மைத்துனனோடு போனில் பேசிக்கொண்டே தட்டினேன். ஒன்றுக்குப் பதில் பூஜ்யம் விழுந்திருக்கிறது. 'ஷட்டவுன்' என்று அடித்து என்டரை அழுத்தியதும் திரை அப்படியே நின்றது. எந்த இணைப்பு வழியாக உள்ளே போனேனோ, அதையே அணைத்திருந்தேன். இங்கிருந்து இனி அதைத் திறக்க முடியாது.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி ஐயம்பெருமாள் வந்து நின்றார்.

"என்னவே, பாபநாசம் அளவு வரலியே? மழை வேற ஊத்துது."

"அங்கன யாரோ வயரை இழுத்துட்டாவ போல சார்."

யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

நிலையத்தில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. பதினொன்றேகாலுக்கு ஒரு அழைப்பு வந்தது. அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஆறுமுகத்தாய். மூச்சு வாங்கியது.

"சார், கம்ப்யூட்டர்ல ஒண்ணும் போக மாட்டேங்கு. அதான் டவர் கிடைக்கிற செக்போஸ்ட் வரைக்கும் நடந்து வந்தேன். எழுதிக்கிடுங்க, நாப்பத்திரண்டு மில்லிமீட்டர்." பின்னால் மழைச் சத்தம் கேட்டது. "சார், காலைல அந்த ரூமைத் தூத்துப் பெருக்குனேன். வாரியல் வயர்ல பட்டிருக்குமோ என்னமோ. வேணும்னு செய்யல சார்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பரவால்லக்கா" என்றேன். செய்யாத தவறுக்கு அவரை மன்னித்தேன்.

நல்லவேளை, நான் செய்த மாற்றத்தைச் சேமித்திருக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும். அதைச் செய்யச் சொன்னேன். அவர் மழையில் இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்து போய்ச் செய்தார். பன்னிரண்டு மணிக்கு இணைப்பு வந்தது.

மறுநாள் ஐயம்பெருமாள் அங்கே ஆய்வுக்குப் போய்விட்டு வந்து, ஒரு தாளை என் மேஜையில் போட்டார். ஆறுமுகத்தாயின் மன்னிப்புக் கடிதம். 'கவனக்குறைவு' என்ற சொல்லை இரண்டு முறை எழுதி அடித்துவிட்டு, மூன்றாவது முறை சரியாக எழுதியிருந்தார். அன்று மதியச் சோற்றுப் பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை.

சாயங்காலம் அந்தக் கடிதத்தோடு ஐயம்பெருமாள் அறைக்குப் போய், அதை அவர் மேஜையில் வைத்தேன்.

"சார், நேத்து லைனை அணைச்சது நான்தான். தப்பான நம்பரை அடிச்சிட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "கை தவறுறதுதான்வே. இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு."

"அந்தம்மா லெட்டரு?"

"அது கிடந்துட்டுப் போகுது."

அவர் சிரித்ததில்தான் எனக்கு உடம்பு கூசியது. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். முகம் மாறியது. முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பழைய கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

சனிக்கிழமை பஸ் ஏறி நிலையத்துக்குப் போனேன். ஆறுமுகத்தாய் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார்.

"அப்ப நான் இல்லியா சார்?"

"இல்லக்கா. தப்பு என் மேலதான். பொய்யும் சொன்னேன்."

"நாலு நாளா அந்த ரூமைத் தூத்துப் பெருக்கவே பயந்து கிடக்கேன்."

கடிதத்தை நீட்டினேன். வாங்கி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் வாசலைக் காட்டினார். அங்கே காவலாளி மணிராஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த அண்ணாச்சி முன்னாலதான் பெரிய சாரு என்னைய ஏசினாவ. அவுக கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அந்தப் பத்தடி தூரத்தை நடக்க எனக்கு நேரமாயிற்று. மணிராஜ் எழுந்து சலாம் வைத்தார். கையைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். சத்தம் போதவில்லை. "என்ன சார்?" என்று அவர் காதைக் கொடுத்தார். மறுபடியும், கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.