எழுபது டிகிரி

கண்ணுங்களா, கையைத் தொட்டே எலும்பின் கதையைச் சொல்லிவிடும் ஒருத்தி இருந்தாள். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் பிசியோதெரபி பார்த்தவள். நோயாளி எவ்வளவு அலறினாலும், "இன்னும் பத்து தடவை" என்பாள். தேறும் கைக்கும் அதுதான். தேறாது என்று அவள் விரலுக்குத் தெரிந்துவிட்ட கைக்கும் அதுதான். 'இன்னும் பத்து' என்றே அவளுக்குப் பெயர் விழுந்தது.

மேலே படித்து, பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஆனாள். ஆஸ்பத்திரியில் அவள் வந்தால் யார் எழுந்திருப்பார்கள்? இங்கே நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். அது அவளுக்கு ருசித்துப்போயிற்று.

அப்போதுதான் அவள் தம்பி ஏணியிலிருந்து விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டான். பெயின்டர் அவன். எலும்பு கூடிவிட்டது, ஆனால் தோள் இறுகிவிட்டது. கை தலைக்கு மேல் எழுந்தால்தான் அவனுக்குச் சோறு. இரண்டு மாதம் இடம் வைத்திருப்பதாக மேஸ்திரி சொல்லியிருந்தார்.

கை எவ்வளவு தூரம் எழும்புகிறது என்று அக்கா கோணமானியை வைத்து அளந்தாள். எழுபது டிகிரி. அவள் முகம் மலர்ந்தது. மறுநாளே வந்து சொன்னாள்:

"ரெண்டு வாரத்துல செய்முறைப் பரீட்சை. நீதான்டா கேஸ். அதுவரைக்கும் கையை அசைக்காத. விடைக்குறிப்புல எழுபதுன்னு எழுதிப் பூட்டியாச்சு. நீ எண்பது ஆக்கிட்டா, சரியா அளந்த பிள்ளைங்க ஃபெயிலாயிடும்."

"என் கையையும் சேர்த்துப் பூட்டிட்டியாக்கா?" என்று சிரித்தான் தம்பி.

அவன் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "வேற ஆளே கிடைக்கலையா அண்ணி?"

"இவ்வளவு அழகா இறுகின தோள் லேசுல கிடைக்குமா?"

வெளியிலிருந்து வரவேண்டிய தேர்வாளருக்குக் காய்ச்சல். பரீட்சை தள்ளிப்போனது. பிறகு கட்டடத்தில் ஏதோ பழுது, மறுபடியும் தள்ளிப்போனது. மூன்று மாதம் ஓடிவிட்டது. தம்பி மேஸ்திரியிடம் கெஞ்சி இன்னும் இரண்டு மாதம் வாங்கினான். கையை மட்டும் அசைக்கவில்லை. அக்கா சொல்லியிருந்தாளே.

பரீட்சையன்று நாற்பது பேரும் அந்தக் கையைத் தூக்கித் தூக்கி அளந்தார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் வந்த பெண்ணிடம் தேர்வாளர் கேட்டார்: "இவருக்கு என்ன செய்யலாம்?"

"எலும்பு கூடினதுமே பயிற்சி ஆரம்பிச்சிருக்கணும் சார். இவ்வளவு நாள் எப்படித்தான் விட்டாங்களோ."

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தலை நிமிராமல் அந்தப் பெண்ணுக்கு முழு மார்க் போட்டாள்.

அறை காலியானது.

"இப்பவாவது பயிற்சியை ஆரம்பிச்சுடுக்கா."

அக்கா அவன் தோளைப் பிடித்துக் கையை மெல்லத் தூக்கினாள். எழுபதில் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவள் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது.

"அடுத்த மாசம் வேலைக்கு வந்துடுவேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிடவா?"

"சொல்லு" என்றாள். பிறகு, "இன்னும் பத்து தடவை."

அவன் உற்சாகமாக எண்ண ஆரம்பித்தான்.