கூட்டுரோட்டில் நிற்காத ரோல்ஸ் ராய்ஸ்

1

இந்தக் கதை ஒரு பிணத்தோடு தொடங்கியிருக்க வேண்டும்.

வாரப் பத்திரிகை ஆசிரியர் ராஜாராம் போன் பண்ணினார். "சார், கார் சிறப்பிதழ் போடறோம். நடுவுல உங்க கதை ஒண்ணு வேணும். பெரிய கார், பெரிய கொலை. அவ்ளோதான்."

என் கதைகளில் அம்பாசடரில் ஆள் கடத்தியிருக்கிறேன். ஆம்னியில் கடத்தியிருக்கிறேன். ஒரு தொடரில் பால் வேனில்கூட. ரோல்ஸ் ராய்ஸை மட்டும் தொட்டதில்லை. இந்த முறை தொட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். இடம், எனக்குத் தெரிந்த செஞ்சி. முதல் பாரா இப்படி விழுந்தது:

ராஜகிரிக் கோட்டையின் அடிவாரத்தில் அந்த ரோல்ஸ் ராய்ஸ் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தது. பின் சீட்டில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண். தூங்குகிறாள் என்றுதான் காவலாளி நினைத்தான், அவள் கழுத்தைப் பார்க்கும்வரை. கழுத்தில்

[இங்கே விட்டுவிட்டேன். கழுத்தில் என்ன என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் போய்விட்டது. காரணம், அந்தக் கார்.]

2

கொலை நடக்கிற இடத்தைப் பற்றி நாலு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். அதற்காகப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கப் பிணம் சின்னதாகிக்கொண்டே போனது.

இரண்டு பேர். ரோல்ஸ் என்பவர் பிரபு வீட்டுப் பிள்ளை, கார் விற்றுக்கொண்டிருந்தவர். ராய்ஸ் என்பவர் அப்பாவைச் சிறுவயதில் பறிகொடுத்துவிட்டு, தெருவில் பேப்பர் விற்றவர், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவர். 1904-இல் மான்செஸ்டரில் ஒரு ஓட்டலில் சந்தித்தார்கள். பேப்பர் விற்றவர் செய்த காரில் பிரபு மகன் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அவ்வளவுதான், பேர் இரண்டும் ஒட்டிக்கொண்டது. பிரபு வீட்டுப் பேர் முன்னால், பேப்பர்காரர் பேர் பின்னால். உலகம் எங்கேயும் உலகம்தான்.

மூன்று வருஷத்தில் அவர்களுடைய கார் ஒன்று பதினாலாயிரம் மைலுக்கு மேல் ஓடிக் காட்டியது. அதைவிட, ஓடுவதே தெரியாமல் ஓடியதுதான் பேச்சானது. அந்த வண்டிக்கு வைத்த பேரிலேயே பேய் இருந்தது. பேய்க்குக் காலடிச் சத்தம் கிடையாதே.*

* முகப்பில் பறக்கிற பெண் சிலை தெரியும்தானே? அதற்கும் முன்னால், ஒரு பிரபு தன்னுடைய காருக்கு மட்டும் அதே சிற்பியிடம் செய்துகொண்ட சிலை ஒன்று உண்டு. அந்தப் பெண் உதட்டின் மேல் விரல் வைத்திருப்பாள். அவருக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு காதல் இருந்தது என்கிறார்கள்.

சக்கரம் சுற்றும்போது நடுவிலிருக்கிற இரண்டு 'ஆர்' எழுத்தும் சுற்றாது, நிமிர்ந்தே நிற்கும். கதவுக்குள்ளிருந்து குடை வரும். கூரையில் நட்சத்திரம் பதித்துக் கேட்டாலும் தருவார்கள். எந்த மகாராஜாவோ இந்தக் காரை வாங்கிக் குப்பை அள்ள விட்டாராம். அது வாட்ஸ்அப்பில் வருகிற கதை. வருஷத்துக்கு ஒருமுறை ராஜா மட்டும் மாறுகிறார்.

எல்லாவற்றையும் விட ஒரு கதை என்னை அடித்துப் போட்டது. வெளிநாட்டு மலைப்பாதை ஒன்றில் இந்த வண்டியின் அச்சு முறிந்து நின்றதாம். தந்தி அடித்தார்கள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து, சரி பண்ணிவிட்டுப் போனான். பில் வரவே இல்லை. சொந்தக்காரர் எழுதிக் கேட்டார். பதில் வந்தது: "தாங்கள் குறிப்பிடும் பழுது பற்றி எங்களிடம் பதிவு எதுவும் இல்லை. எங்கள் வண்டியின் அச்சு முறிவதில்லை."

நடந்ததா? தெரியாது. யாரோ கட்டிவிட்டதாகத்தான் இருக்கும். ஆனால் இத்தனை வருஷம் தொடர்கதை எழுதியும் எனக்கு இப்படி ஒரு கடைசி வரி விழுந்ததில்லை. வண்டியை இரும்பில் செய்கிறார்கள். பேரை எதில் செய்கிறார்கள்?

3

கேள்வியோடு டீ குடிக்கப் போனேன். செஞ்சி கூட்டுரோடு, பெரியதம்பி கடை. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகிற வண்டியெல்லாம் அந்தக் கடைக்கு முன்னால்தான் போக வேண்டும். கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் வந்த பிறகு கூட்டம் இன்னும் அதிகம்.

கடை ஓரத்தில் ஒரு பெரியவர் ரோட்டையே பார்த்து நின்றிருந்தார். பேர் பொன்னுசாமி, பக்கத்துச் சிங்கவரம். மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கியவர், முதுகு பிடித்துக்கொண்டதும் விட்டுவிட்டார்.

"இன்னாண்ணே, லண்டன் வண்டி இன்னிக்காவது நிக்குமா?" என்றார் பெரியதம்பி, டீயை ஆற்றிக்கொண்டே.

"நிக்காது. அது நடுவுல எங்கியும் நிக்காதுப்பா. அதான் அதுக்குப் பேரு."

"நிக்காத வண்டிக்கு நீ இன்னாத்துக்கு நிக்கிற?"

"என் காலு, நான் நிக்கிறேன்."

கடையே சிரித்தது. எனக்குக் காது நீண்டது. "என்ன வண்டி?" என்றேன்.

"அவரு புள்ள அன்புச்செல்வன் மெட்ராஸ்ல ரோல்ஸ் ராய்ஸ் ஓட்றானாம் சார்," என்றார் பெரியதம்பி. "மாசத்துக்கு ஒரு தரம் மொதலாளியம்மாவ திருவண்ணாமலைக்கு இட்டுனு போறானாம். வண்டி வர்றது நெசந்தான், நாங்களே பாத்திருக்கிறோம். கண்ணாடி கறுப்பு. உள்ள ஓட்றது யாருன்னு எவனுக்குத் தெரியும்? அந்தப் புள்ள சின்னதுலயே மெட்ராஸ் போயிட்டான், மூஞ்சியே எங்களுக்குத் தெரியாது. அந்த வூட்ல கேட்டு தொறக்கிறவன்னு நான் கேள்விப்பட்டேன்."

"கேட்டு தொறந்தாலும் அந்த வூட்டு கேட்டு பெருசுதான்டா," என்றார் பொன்னுசாமி. ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியது.

4

ராஜாராமுக்குப் போன் பண்ணிப் பிணத்தை ரத்து செய்தேன்.

அடுத்த சில நாட்களில் பொன்னுசாமி சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அந்த அம்மா நல்லவர்தான். ஒரே ஒரு விதி. வீட்டை விட்டுக் கிளம்பினால் கோயில் வாசலில்தான் வண்டி நிற்க வேண்டும். முன்பிருந்த டிரைவர் திண்டிவனத்தில் நிறுத்தி, மாமியார் வீட்டாரை வண்டியில் சாய்த்து நிற்க வைத்துப் படம் பிடித்தார். படம் வாட்ஸ்அப்பில் சுற்றி அம்மாவுக்கே வந்து சேர்ந்தது. மறுநாள் அவருக்கு வேலை இல்லை. அதனால் அன்புச்செல்வன் நிறுத்துவதில்லை. வண்டியோடு ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை.

"நிறுத்தலன்னா போகுது. நீங்க ஏன் போய் நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க நைனா ஒருதரம் பண்ணக்காரரு கட்டவண்டில, மூட்ட மேல ஏறி உக்காந்து வந்தாரு சார். பாதியில எறக்கி வுட்டு நடக்க வச்சாங்க. இதே ரோடு. அவரு பேரன் இன்னிக்கி அந்த ஸ்டேரிங்க புடிச்சினு போறான்." கடைப் பக்கம் கண்ணைக் காட்டினார். "ஒரே ஒரு தரம் நின்னு, இவங்க பாத்துட்டா போதும்."

அங்கே ஒரு நூற்றாண்டுப் பேர். இங்கே சிங்கவரத்துப் பொன்னுசாமியின் பேர். இரண்டும் ஒரே சாலையில் மாதம் ஒருமுறை உரசாமல் கடந்து போகின்றன. கதை கிடைத்துவிட்டது என்று

[குதிக்காதே என்று சொல்லிக்கொண்டேன். சஸ்பென்ஸ் எழுதியே கெட்டுப்போன புத்தி, உடனே சந்தேகப்பட்டது. அன்புச்செல்வன் உண்மையிலேயே கேட் திறப்பவராக இருந்தால்? மகன் அப்பாவிடம் புளுகியிருந்தால்? ஒரு அத்தியாயம் அப்படியே எழுதிப் பார்த்தேன். திருப்பம் பிரமாதமாக இருந்தது. படித்தபோது பொன்னுசாமியின் முகம் நினைவுக்கு வந்தது. கிழித்துப் போட்டேன்.]

5

சரி, வண்டியை எப்படி நிறுத்துவது?

அ) பொன்னுசாமி ரோட்டின் குறுக்கே படுத்துவிடுகிறார். 'தொடரும்' போடத் தோதான இடம். ஆனால் அவருடைய முதுகுக்கு, படுத்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும்.

ஆ) சரியாகக் கடை முன்னால் வண்டி மக்கர் பண்ணுகிறது. மன்னிக்கவும். என் வசதிக்காக அந்த வண்டிக்கு நான் பழுது வைக்க மாட்டேன்.

இ) அம்மாவே "அன்பு, இங்க ஒரு டீ குடிக்கலாமா?" என்கிறார். ராஜாராமுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. இதையே எழுதி முடித்துவிடலாம் என்று, டீக்கடையின் சின்ன விவரங்களைக் குறித்துக்கொள்ள ஒரு மத்தியானம் போனேன்.

அன்றைக்கு வண்டி வந்தது.

6

மழை பிடித்திருந்தது. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் மேகத்துக்குள் போய்விட்டன. நாங்கள் எல்லோரும் கூரைக்குள் ஒண்டியிருந்தோம். பொன்னுசாமி மட்டும் ரோட்டோரம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு.

"உள்ள வாண்ணே, ஜுரம் வரும். மங்கை அக்கா என்னியதான் திட்டும்," என்றார் பெரியதம்பி. மங்கை பெரியவரின் மனைவி.

வண்டி வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம் பார்த்தால், ஒரு கோயில் சன்னதியையே பெயர்த்து எடுத்து வந்தது போல முன்பக்கம், அதன் உச்சியில் மழையில் நனைகிற அந்தச் சின்னப் பெண். சக்கரம் சுற்றியது. நடுவில் எழுத்து அசையாமல் நின்றது. நான் படித்திருக்கிறேன். படித்தது வேறு. பக்கத்தில் ஒருவர் கையில் டீ டம்ளர் சாய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

பொன்னுசாமி வழக்கம் போலக் கை தூக்கினார்.

வண்டி நின்றது.

குலுங்கவில்லை. நின்றதா, இன்னும் போகிறதா என்று சொல்ல முடியாத நிற்பு. டிரைவர் கதவு திறந்தது. அப்போது பின் சீட்டைப் பார்த்தேன். நரைத்த தலை ஒன்று சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. [இல்லை, பிணம் இல்லை. மூச்சு வாங்கித் தூங்குகிற அம்மா.] நின்றது அவருக்குத் தெரியவில்லை. நூறு வருஷமாக வண்டியின் சத்தத்தை விரட்டிக்கொண்டிருந்த கம்பெனிக்காரர்கள் யாருக்காக விரட்டினார்களோ தெரியாது. அன்றைக்கு அது சிங்கவரத்து அப்பா ஒருவருக்குப் பயன்பட்டது.

இறங்கியவர் கதவின் விளிம்பிலிருந்து ஒரு கறுப்புக் குடையை உருவினார், விரித்தார், பெரியவர் தலைக்கு மேல் பிடித்தார். வெள்ளைச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. பொன்னுசாமியின் அதே விடைத்த காது.

"இன்னா நைனா, இப்டி நனையிற?" என்றது குரல், மழைக்குள் கிசுகிசுப்பாக. கூரை விளிம்பில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

பொன்னுசாமி திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கூரை முழுக்க நட்சத்திரம்.

கடை மொத்தமும் எழுந்து வந்தது. முதலில் ஆனந்தராஜ், பக்கத்து செல்போன் கடைக்காரர். ஊரில் மாடு தடுக்கி விழுந்தாலும் ரீல்ஸ் போடுகிறவர். முகப்புச் சிலையை ஒரு விரலால் தொட்டார். அது சட்டென்று உள்ளே இறங்கிக்கொண்டது. "யப்பா, அம்மன் உள்ள பூந்துடுச்சு," என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆனந்தராஜ் செல்லைத் தூக்கினார்.

"யாருண்ணே இது, உன் புள்ளயா?"

இதற்காகத்தான் அந்த மனிதர் மாதாமாதம் வெயிலிலும் மழையிலும் நின்றார். ஒரு வார்த்தை, "ஆமா." போதும்.

பொன்னுசாமி செல்லைப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். குடைக்குள்ளிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து மழைக்குள் போனார்.

"வழி கேக்குறாரு," என்றார். பிறகு அந்த வெள்ளைச் சட்டையிடம் கையை நீட்டி, "திருவண்ணாமலைதான சார்? நேரா போங்க சார். இங்கல்லாம் நிறுத்தாதீங்க."

குடை ஒரு கணம் அப்படியே நின்றது.

"சரிங்க ஐயா," என்றார் அன்புச்செல்வன்.

கதவு மூடியது. பறக்கிற பெண் மேலே வந்தாள். வண்டி போனதும் சத்தமில்லாமல்தான்.

"அப்ப உன் புள்ள வண்டி எதுண்ணே?" என்றார் பெரியதம்பி.

"அது அடுத்த மாசம் வரும்ப்பா," என்றார் பொன்னுசாமி. கடை விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

7

கூட்டம் கலைந்த பிறகு பொன்னுசாமி என்னிடம் வந்தார்.

"சார், நீங்க எழுதறவரு."

"ஆமாம்."

"பாத்துட்டீங்களா?"

"எதை?" என்றேன்.

"அதே மாதிரியே இருங்க சார்," என்று துண்டைப் பிழிந்தார். சைக்கிளை எடுத்தவர் திரும்பி, "மங்கைகிட்ட மட்டும் சொல்லிக்கிறேன். உள்ள நட்சத்திரம் இருக்குது சார். பட்டப்பகல்ல."

8

ராஜாராம் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "சார், பெரியவரு தோத்துட்டாரே. கடைசில உண்மை வெளிய வரணும். பெரியதம்பி அவரு கால்ல வுழணும். அப்பதான் வாசகர் விசிலடிப்பாங்க."

எழுதலாம்தான். எழுதினால் பெரியவருக்குப் பேர் திரும்பக் கிடைக்கும், மகனுக்கு வேலை போகும். எழுதாவிட்டால் மகன் ஓட்டுவார், அப்பா கேலிக்கு நிற்பார். எந்தப் பக்கம் எழுதினாலும் என் கையெழுத்துதான். அதனால் பேர்களை மாற்றியிருக்கிறேன். வண்டியின் நிறத்தைச் சொல்லவில்லை. மழை பெய்ததா என்பதுகூட என் இஷ்டம். இதற்கு மேலும் யாராவது துருவிக் கேட்டால் என் பதில் தயார்:

தாங்கள் குறிப்பிடும் நிறுத்தம் பற்றி என்னிடம் பதிவு எதுவும் இல்லை. அந்த வண்டி செஞ்சியில் நிற்பதில்லை.

ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்களே. திருவண்ணாமலைக்குப் போகும்போது கூட்டுரோட்டில் டீக்கு இறங்குவீர்கள். ரோட்டோரம் ஒரு பெரியவர் நின்றிருப்பார். சத்தமில்லாமல் ஒரு வண்டி வரும். அவர் கை தூக்குவார். அது போய்விடும். கடை சிரிக்கும். பாய்லருக்குப் பின்னாலிருந்து ஒருவர் உங்களைப் பார்த்துக் கேட்பார்: "சார், நீங்க வெளியூரு, பொதுவான ஆளு. நீங்களே சொல்லுங்க, அதை ஓட்டினு போறது இவரு புள்ளயா?"

பெரியவர் அப்போது ரோட்டைப் பார்க்க மாட்டார். உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.