பூஜைத் தட்டில் வைத்த பியூஸ்

சந்திரம்மாளின் மாவு மில் கதவில் ஈய சீல் தொங்கியது. பாலக்கரையில் அந்தத் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்க, மின்சார ஆபீஸ் இன்ஸ்பெக்டர் சகாயநாதன் அதை வைத்துவிட்டுப் போயிருந்தார். யாரோ பூமிக்கடியில் கள்ளக் கம்பி இழுத்து கரண்ட் திருடுகிறார்கள் என்று மனு போயிருந்தது. போட்டவர் பக்கத்து ஐஸ் கம்பெனி முதலாளி அழகிரி. கைகாட்டியது சந்திரம்மாளை. மில் சுவரில் என்றைக்கோ அறுத்துவிட்ட பழைய கம்பித் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சீல் வைக்க அது போதுமாயிற்று.

தீபாவளிக்குள் தான் திருடி இல்லையென்று காட்டாவிட்டால் இணைப்பையே பிடுங்கிவிடுவார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆற்றைத் தாண்டி முறுக்கு மாவு அரைக்க வருகிறவர்கள்கூட சீலைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதுதான் அவளுக்குச் சுட்டது.

"என் மில்லை மூடியாச்சு. அப்புறமும் சாயங்காலமானா தெரு விளக்கு மங்குதே, அது எப்படி?" என்று ஆபீசுக்கே போய்க் கேட்டாள்.

சகாயநாதன் யோசித்தார். "நியாயந்தாம்மா. ஆனா எங்கன்னு தோண்டச் சொல்றீங்க? தெரு பூராவுமா?"

"எங்கன்னு நான் காட்டுறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிக் காட்டுவது? நேராக ரேடியோ ரிப்பேர் கடை பரக்கத் அலியிடம் போனாள். மில் மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தால் அவளுடைய டிரான்சிஸ்டர் ரேடியோ முனகும். மண்ணுக்கடியில் ஓடும் கரண்டுக்கும் அது முனகாதா?

"முனகும்க்கா. அதுக்குக் காது வெச்சுக் கொடுக்கணும்" என்றார் பரக்கத் அலி.

காது செய்தார்கள். மெல்லிய இரும்புக் கம்பிகளைக் கட்டாக்கி, அதன்மேல் தலைமுடி மாதிரிச் செம்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். கையால் சுற்றினால் ஆயுசு போதாது. சந்திரம்மாள் தன் தையல் மெஷினில் பாபின் சுற்றும் இடத்தில் அதை மாட்டிச் சுற்றினாள். சுருளை மூங்கில் கழியின் நுனியில் கட்டி, அதன் இரண்டு முனைகளையும் டிரான்சிஸ்டருக்குள் பரக்கத் அலி பற்றவைத்தார். பார்க்க ஒட்டடைக் கம்புபோலத்தான் இருந்தது.

தெருவில் இறங்கியதும் மானம் போயிற்று. எங்கே நீட்டினாலும் முனகல். லேத் பட்டறை, அச்சகம், தண்ணி மோட்டார் என்று ஊரிலுள்ள கரண்டெல்லாம் ஒரே குரலில் கத்தியது. "மாவு மில்லுக்காரி பேய் ஓட்டக் கிளம்பிட்டா" என்று அழகிரி வாசலில் நின்று சிரித்தார்.

"சந்தைக்கடையில ரகசியம் கேக்குற மாதிரிக்கா இது. எல்லாரும் வாயை மூடினாத்தான் நமக்குக் கேக்கும்" என்றார் பரக்கத் அலி.

"மூடுவாங்க. ஆயுத பூஜை வருதுல்ல" என்றாள் சந்திரம்மாள்.

ஆயுத பூஜையன்று லேத்துக்கு மாலை போட்டாயிற்று. அச்சு இயந்திரத்துக்குச் சந்தனம். தெருவில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. ஐஸ் கம்பெனியின் பின்கட்டில் மட்டும் எண்ணெய் எஞ்சின் டுப்டுப்பென்றது. ஐஸுக்கு லீவு கிடையாதே என்று யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. பக்தியில் அழகிரியை மிஞ்ச ஆளில்லை. மெயின் பியூஸையே கழற்றி, குங்குமம் வைத்து, பூஜைத் தட்டில் வைத்துவிடுவார். இன்ஸ்பெக்டர் உட்பட தெருவே அங்கே பொரிகடலைக்குக் கூடியிருந்தது.

சந்திரம்மாள் தெருமுனைக் கரண்ட் கம்பத்தடியில் கழியை நீட்டினாள். இடுப்பில் தொங்கிய டிரான்சிஸ்டர் முனகியது. ஓரடி தள்ளினால் ஊமை. திரும்பக் கொண்டுவந்தால் முனகல். முனகல் இழுத்த வழியே நடந்தாள். அது சாக்கடையோரமாக அவளுடைய மில் சுவரைத் தொட்டது. ஒரு கணம் அவளுக்கே பகீரென்றது. பிறகு அது சுவரை ஒட்டியே போய் ஐஸ் கம்பெனி வாசலுக்குள் நுழைந்தது. அவளும் நுழைந்தாள்.

"ஆயுதத்தையெல்லாம் சாமிக்கு வெச்ச நாள்ல, கையில கழியோட வரீங்களே?" அழகிரி வழியை மறித்தார்.

"சாமிக்கு வெச்சது உங்க பியூஸு. என் மில்லு சாமிக்கு வெச்சதில்லை, சீல் வெச்சது. நகருங்க."

நகரவில்லை. அவள் சுற்றிக்கொண்டு போனாள். பூஜைப் படத்துக்கு முன்னால் விரித்திருந்த ஜமுக்காளத்தின்மேல் கழியை நீட்டினாள். டிரான்சிஸ்டர் எல்லார் காதிலும் விழும்படி முனகியது.

"சார், பியூஸு தட்டுல இருக்கு. கீழே ஓடுறது யாரு வீட்டுக் கரண்ட்?"

சகாயநாதன் கையிலிருந்த பொரியைக் கீழே வைத்தார். தட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனார். அங்கே எண்ணெய் எஞ்சின் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. ஐஸ் மெஷினை இழுக்கும் பெல்ட்டே அதற்கு மாட்டவில்லை. அடுத்த அறையில் ஐஸ் மோட்டார் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. ஜமுக்காளத்தைச் சுருட்டி, கல்லைப் பெயர்த்ததும் கறுப்புக் கம்பி தெரிந்தது. அழகிரி பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

"நாளைக்கு வந்து உங்க சீலை எடுத்துடுறேம்மா" என்றார் சகாயநாதன், குரல் தாழ்ந்து.

"நாளைக்கு எதுக்கு? ஊரே பார்க்க வெச்சீங்க. ஊரே இங்கதான் இருக்கு. இப்பவே எடுங்க."

எடுத்தார். கதவு திறந்ததும் பழைய மாவு வாசம் வந்தது. அவள் கையில் கிடைத்த கோதுமையை அள்ளிப் போட்டாள்.

"ஐயோ, இன்னிக்கு மெஷினைத் தொடக் கூடாதும்மா" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"இத்தனை நாளா இது சும்மாதான் இருந்துச்சு. அந்தப் பூஜை போதும்" என்று சந்திரம்மாள் சுவிட்சைப் போட்டாள்.

ஓயவேண்டிய நாளில் மில் தெரு அதிர ஓடியது. இடுப்பிலிருந்த டிரான்சிஸ்டரும் சேர்ந்து முனகியது. இந்தத் தடவை அது முனகியது அவளுடைய சொந்தக் கரண்டுக்கு. அவள் அதை நிறுத்தவில்லை.