பிராசசருக்குக் காய்ச்சல்

"ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு."

அவ்வளவுதான் சொன்னாள். வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. அப்பா பேப்பரை இறக்கி, மகளை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார். வாய் தவறிக்கூடக் கேட்கக் கூடாது என்று அந்த வீட்டில் அவளுக்குச் சொல்லிவைத்திருந்த ஒரே விஷயம் அதுதான். கல்யாணம் வேண்டாம் என்றால்கூட இரண்டு நாள் அழுது தீர்த்துவிடுவார்கள். ஃபேனை மட்டும் கேட்கக் கூடாது. அது தம்பியின் கம்ப்யூட்டருக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஓவர்கிளாக்கிங் என்று அதற்குப் பெயர். கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரை விரட்டி ஓட்டுவது. விரட்டினால் சூடாகும். சூட்டை இறக்க அதன் தலைமேல் செங்கல் கனத்துக்கு ஒரு உலோகக் கூலரும் அதில் ஒரு சின்ன ஃபேனும் உண்டு. தம்பிக்கு அது போதவில்லை. பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, வீட்டில் உருப்படியாகச் சுற்றும் ஒரே டேபிள் ஃபேனை அதன் எதிரே கொண்டுபோய் வைத்துவிட்டான். அன்றிலிருந்து மனிதர்கள் பேப்பரால் விசிறிக்கொண்டார்கள்.

அந்த வேகத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான் என்று யாரும் கேட்டதில்லை. வேகத்தைச் சோதிக்கும் ப்ரோகிராமை ஓடவிட்டு, வரும் எண்ணைப் படம் பிடித்து, இதே பிழைப்பாக இருக்கும் ஒரு கூட்டம் பையன்களுக்கு அனுப்புவான். அவர்கள் கைதட்டுகிற பொம்மை போடுவார்கள். கல்லூரியில் அவன் எழுதி முடிக்க வேண்டிய பாடங்கள் நகராமல் கிடந்தன. அவற்றை யாரும் விரட்டவில்லை.

"இப்ப எவ்வளவு இருக்கு கண்ணு?" என்று அம்மா காய்ச்சல் விசாரிப்பது போல விசாரிப்பாள்.

"எண்பத்தெட்டு டிகிரிம்மா."

"ஐயையோ, நேத்து எண்பத்தஞ்சுதானே இருந்துச்சு!"

அப்பா எழுந்து வந்து பெட்டியின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். மகள் ஜுரத்தில் சுருண்டு கிடந்தபோது "ஒரு மாத்திரை போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு டிவி ரிமோட்டை எடுத்த கை அது.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஒரு ஆபீசின் சர்வர் அறை அவள் பொறுப்பு. இயந்திரங்கள் சூடாகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் சம்பளமே. ஆனால் வீட்டில் அந்தப் பெட்டியை அவள் தொடக் கூடாது. தொட்டால் செட்டிங் கெட்டுவிடுமாம்.

அன்று சாயங்காலத்துக்குள் அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஆபீசுக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. வேண்டுமா, வேண்டாமா? "வீடு இருக்கப்ப ஹாஸ்டல் எதுக்குடி? இங்க உனக்கு என்ன குறை?" என்று அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கும் புத்தகத்தில் வியர்வை சொட்டிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டபோது, சரி, என்ன குறை என்று பார்த்தே விடுவோம் என்று தோன்றியது. ஃபேன் திரும்பினால் இருப்பது. இல்லையென்றால் கிளம்புவது. அதனால்தான் கேட்டாள்.

"விளையாடாதக்கா. திருப்பினா நேரா நூறுக்குப் போயிடும்."

"போகட்டும். ரொம்பச் சூடானா அது தானா வேகத்தைக் குறைச்சுக்கும். உன்னை மாதிரி இல்ல, அதுக்குக் கொஞ்சம் புத்தி இருக்கு."

"அப்பா, பாருங்கப்பா!"

"ஏம்மா, நீ மனுஷி. பொறுத்துக்கலாம்" என்றார் அப்பா. "அது மெஷினு. அதுக்கு வாய் விட்டுச் சொல்லத் தெரியுமா?"

"நான் வாய் விட்டுத்தானேப்பா சொல்லிக்கிட்டிருக்கேன்."

"மேடம் சம்பாதிக்க ஆரம்பிச்சதும் வாய் நீளுது" என்றாள் அம்மா.

"வாய் நீளலம்மா, வேர்க்குது."

அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போனாள். "இதை ஒரு தடவை நான் திறந்து பாக்கறேன். டேபிள் ஃபேன் இல்லாமலே சூடு குறைஞ்சா, ஃபேன் எனக்கு. குறையலன்னா இனி வாயே திறக்க மாட்டேன். சரியா?"

அக்காவால் முடியாது என்ற தைரியத்தில் "சரி" என்றான். அம்மா ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவள் மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மின்சாரத்தை நிறுத்தி, கூலரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள். கீறல் விழாமல் இருக்கக் கம்பெனி ஒட்டி அனுப்புவது. மாட்டும் முன் உரித்துவிடச் சொல்லி அதிலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. சூடு கூலருக்கு ஏற வழியில்லாமல் தாளில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பிராசசருக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு ஒரு வருஷமாக விசிறியிருக்கிறார்கள்.

"இதை உரிக்கணும்னு தெரியாதாடா?"

"அது... டிசைன்னு நினைச்சேன்."

உரித்தாள். பிராசசரிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, தன் ஆபீஸ் பையில் இருந்த ட்யூபிலிருந்து பட்டாணி அளவு புதிதாக வைத்து, கூலரை அழுத்தி உட்காரவைத்துத் திருகினாள். தூசி தட்டிக் கதவையும் மாட்டினாள். "இது மூடியிருந்தாத்தான் முன்னாடி வர்ற காத்து சூட்டை இழுத்துக்கிட்டுப் பின்னாடி போகும்." சோதனையை ஓடவிட்டாள். நால்வரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். எண் அறுபத்தெட்டுக்கு வந்து, அதற்கு மேல் நகரவில்லை.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "குறைஞ்சிடுச்சா? நீ எவ்வளவு பாடுபட்ட கண்ணு!" என்று மகனின் தலையைக் கோதினாள்.

அவள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மூலையில் வைத்தாள். முகத்தில் காற்று பட்டது. ஒட்டிய பக்கங்களைப் பிரித்துப் படித்தாள். இங்கேயே இருந்துவிடலாம் என்றுகூட மனசு இளகியது. விடுதிக்கு வேண்டாம் என்று எழுத போனைக் கையில் எடுத்தபோது காற்று நின்றது.

தம்பி பிளக்கைப் பிடுங்கியிருந்தான்.

"இருபது டிகிரி சும்மா கெடந்துச்சுக்கா. வோல்டேஜ் ஏத்தி இன்னும் வேகம் வெச்சேன். இப்ப தொண்ணூறு. ஃபேனைக் குடு."

"சும்மா கெடக்கலடா. நான் குறைச்சது."

"நீ குறைச்சதாலதானே ஏத்த முடிஞ்சுது? தேங்க்ஸ்க்கா."

"பேசின பேச்சு என்னாச்சு?"

"அதான் தேங்க்ஸ் சொல்லிட்டான்ல" என்றார் அப்பா. "குடும்பத்துல இதையெல்லாம் பிடிச்சுக்கிட்டு நிக்கலாமா?"

அம்மாவே வந்து ஃபேனைத் தூக்கினாள். "நீதான் கெட்டிக்காரியாச்சே. இன்னொரு தடவை குறைச்சுக் குடுத்துடேன்."

அவள் எத்தனை டிகிரி இறக்கினாலும் அத்தனையும் அவனுக்குத்தான். போனில் வேறு பதிலை எழுதினாள்: 'கட்டில் வேண்டும். இன்றே வருகிறேன்.' துணிகளையும் புத்தகத்தையும் சான்றிதழ்களையும் பையில் அடைத்தாள்.

"கோவத்துல எடுக்கற முடிவு நிக்காதுடி" என்று அம்மா வாசல் வரை வந்தாள்.

"கோவம் ரொம்ப நாளா இருக்கும்மா. முடிவுதான் இன்னைக்கு."

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தெருவில் வெயில் இன்னும் தணியவில்லை. முனையில் பஸ் திரும்புவது தெரிந்தது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.