இரண்டு கல்லும் ஒரு பெயரும்

குருநகர் யசிந்தா காணாமற்போனோர் விசாரணைக்குப் போனது அன்றைக்குப் பதினோராவது தடவை. எமில்ராஜ் என்று தனக்கொரு மகன் இருந்தான், தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆமிச் சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோனார்கள் என்று ஏதாவதொரு கடதாசியில் பதிந்துவிட வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

வரிசையில் பக்கத்தில் இருந்த மகள் கிறிஸ்ரினா, தன் போனில் வாசித்த ஒன்றைச் சொன்னாள். அவள் சரித்திரம் படிப்பிக்கிறவள். பழைய நூபியா தேசத்தில் அமனிபாக்கி என்றொரு ராசாவாம். தகப்பன் ஆர், எத்தனை வருசம் ஆண்டான், ஒன்றும் தெரியாது. பெயர் வெட்டிய இரண்டு கல்லுத்தான் கிடைத்ததாம். ஆனாலும் ராசாக்களின் பட்டியலில் அவனும் இருக்கிறான்.

"ரெண்டு கல்லை வச்சோ நம்பினவை?"

"ஓம் அம்மா."

யசிந்தாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

உள்ளே அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். பிறப்புப் பதிவு? பதிவுக் கந்தோரோடு எரிந்துபோனது. அடையாள அட்டை? அவனோடு போய்விட்டது. படம்? இல்லை.

படங்களை எரித்தவள் யசிந்தாதான். முகம் அகப்பட்டால் பொடியனை அடையாளம் பிடித்துவிடுவார்கள் என்று, சுற்றிவளைப்புக்கு முதல்நாள் ஒழுங்கையில் மற்றத் தாய்மார் செய்ததையே அவளும் செய்தாள். கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய நாளில் எடுத்த புதுநன்மைப் படத்தைக்கூட அடுப்பில் போட்டாள். படம் இல்லாமலே ஆளைக் கொண்டுபோனார்கள். அப்போது இரண்டு வயதாயிருந்த கிறிஸ்ரினாவுக்கு அண்ணையின் முகமே தெரியாது.

அத்தாட்சி ஒன்றும் இல்லாமல் பதிய ஏலாது, மகன் செத்துவிட்டான் என்று மரணச் சான்றிதழ் கேட்டால் ஒரு சத்தியக்கடதாசியோடு அலுவல் முடியும் என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ்சுக்கு நிற்கையில் யசிந்தா கேட்டாள்:

"பிள்ளை, அந்த ராசான்ரை கல்லுகள் என்ன கல்லு?"

கிறிஸ்ரினா போனைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

"செத்தாப்பிறகு வச்சது, அம்மா. ஒண்டு சமாதிக்கல். மற்றது படையல் வைக்கிற கல்."

சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஊரெல்லாம் செத்தவர்களின் பெயரைப் பூசைக்கு எழுதிக் கொடுக்கும். முப்பது வருசமாக அவள் மகனின் பெயரை எழுதியதில்லை. எழுதினால் தானே அவனைச் சாகடித்தமாதிரி.

பஸ்சால் இறங்கி, செத்தவர்களைப் புதைக்கிற சேமக்காலைக்குப் பக்கத்தில் சமாதிக்கல் வெட்டும் கேதீஸ்வரனிடம் இருவரும் போனார்கள். அவன் செத்த திகதி கேட்டான்.

"தெரியாது. பேரை மட்டும் வெட்டு, தம்பி."

"பேரை மட்டும் வெட்டினா ஆரெண்டு ஆருக்கம்மா விளங்கும்?"

அவள் பெயரை ஒரு துண்டில் எழுதி நீட்டினாள். அவன் வாங்கப் பிடித்தான். அவள் விரல் விடவில்லை. கிறிஸ்ரினா தோளைத் தொட்ட பிறகுதான் விட்டாள்.