தப்ரா கொடுத்த பார்லி

அடுப்பில் எரிந்துகொண்டிருந்த ஒலிவக் கட்டையை வெளியே இழுத்துப் போட்டு, அதன் மேல் சாம்பலை அள்ளிக் கொட்டினாள் சல்ஹா. புகை கண்ணில் ஏறியது. பானையில் பார்லிக் கஞ்சி ஒரு கொதிதான் கண்டிருந்தது. குருணை இன்னும் பல்லில் கடிபடும்.

"ரெண்டு கொதி வந்தா வெந்துடும், உம்மா" என்றாள் ஹதியா. அடுத்த மலையில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள். வாப்பாவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு முந்தின நாள்தான் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு வாயாவது ஆகும்."

"மௌத்தான வீட்டுல அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கம் கொண்டு வர்றதைத்தான் சாப்பிடணும்."

"அது ஊருல ரொட்டி இருந்த காலத்துல போட்ட சட்டம். இப்ப யாரு வீட்டுல என்ன இருக்கு, கொண்டு வர்றதுக்கு?"

"மெதுவாப் பேசு. உன் வாப்பா காதுல விழும்."

சொன்ன பிறகுதான் சல்ஹாவுக்கு உறைத்தது. ஹதியா முகத்தைத் திருப்பிக்கொண்டு குழந்தையின் முதுகைத் தட்டினாள். குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

மலையைக் குடைந்த உள்ளறையில் சல்ஹாவின் கணவர் பெல்காசிமின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் பள்ளிவாசல் பெரியவர் வாசல்வரை வந்து தொண்டையைக் கனைத்தார்.

"பொதியறதுக்குக் கஃபன் துணி எடுத்துக் குடும்மா. பெல்காசிம் தனக்குன்னு ஒண்ணு வாங்கி வச்சிருந்தானே, காபிஸ் சந்தையில."

"அது போன குளிர்காலத்துலயே போயிடுச்சு, ஷேக்."

"எங்க போச்சு?"

"தப்ரா புருஷன் மௌத்தானப்ப அவனுக்கு."

சல்ஹா மரப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து வெள்ளைப் போர்வையை எடுத்தாள். கல்யாணத்தன்று அவளைத் தலையோடு மூடி இந்த வீட்டுக்குள் அழைத்து வந்த போர்வை. ஓரத்துச் சிவப்பு நூலைப் பல்லால் கடித்து உருவிவிட்டு நீட்டினாள். பெரியவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

ஹதியா கஞ்சிப் பானையைக் குனிந்து பார்த்தாள். "இது விதைப் பார்லிதானே? விதைப் பானையைத் திறந்துட்டியா?"

சல்ஹா தலையாட்டினாள்.

தறிக்குப் பின்னால் நின்ற உயரமான மண்பானை அது. கடைசியாக மழை பெய்த வருஷத்து அறுவடையிலிருந்து நிரப்பி, பெல்காசிமே வாயைக் களிமண்ணால் பூசி வைத்தது. ஆடுகள் போன பிறகும், ஒலிவ எண்ணெய் தீர்ந்த பிறகும் அதை யாரும் தொடவில்லை. இன்று விடியலில் சல்ஹா பூச்சை உடைத்துவிட்டாள்.

"வாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஒரு வாய் குடிப்பாரா? வறுக்கிற வாசனையிலயே முழிச்சுக்கிட்டாரு. ஏது பார்லின்னு கேட்டாரு. தப்ரா குடுத்தான்னு சொன்னேன்."

"தப்ராவா? அவகிட்ட என்ன இருக்கு, உம்மா?"

"வாயில அந்தப் பேருதான் வந்துச்சு."

"நம்பினாரா?"

"பாத்தியான்னாரு."

பாத்தியா. இத்தனை வருஷமும் அவளோடு போட்ட எல்லாச் சண்டையையும் அவர் முடித்த சொல் அது. இன்று அதைச் சொல்லி, லேசாகச் சிரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கஞ்சி வேகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

முன்பு ஒரு வருஷம் மலைச்சரிவு முழுக்க வெள்ளம் இறங்கி, மண் அணைகளுக்குப் பின்னால் தேங்கி நின்றது. அந்த அறுவடைக்குக் களஞ்சியத்தின் கதவைச் சாத்த முடியவில்லை. பெல்காசிம் சாலையில் போய் நின்றுகொண்டு, காபிஸ் போகும் லாரிகளை மறித்து, ஓட்டுநர்களின் மடியில் அத்திப்பழத்தைக் கொட்டினார். தானியத்தை அளக்கக் கூடாது என்பார். அளந்தால் பரக்கத் என்னும் இறையருள் போய்விடுமாம். அவர் தொழுகைக்குப் போன நேரமாகப் பார்த்து, சல்ஹா தகரக் குவளையோடு களஞ்சியத்துக்குள் இறங்குவாள். ஒரு நாள் கையும் குவளையுமாகப் பிடிபட்டாள்.

"மேலேருந்து குடுக்கிறவன் அளந்தா குடுக்கிறான்?" என்று கேட்டார்.

"அவன் அளக்கலைன்னா பரவாயில்லை. அவனுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டாம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மழை பொய்த்த முதல் வருஷமும் அப்படித்தான் சிரித்தார். அடுத்த வருஷம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்றுவிட்டு வந்தும், நாளைக்கு உள்ளது அவன்கிட்ட இருக்கு என்றார். இந்த வருஷம் அவருடைய ரொட்டி பாதிக்கு மேல் சட்டைக்குள் ஒளிந்து தப்ராவின் பிள்ளைகளிடம் போயிற்று. கேட்டால் பசிக்கவில்லை என்பார். நிறைந்த வருஷத்தில் எந்தக் குரலோ காய்ந்த வருஷத்திலும் அதே குரல். சல்ஹாவால் பொறுக்க முடியாமல் போனது அந்தக் குரலைத்தான்.

"மிச்ச விதையைப் பூசி மூடிடு" என்றாள் ஹதியா. "நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிஞ்சதும் பானையோட எங்க வீட்டுக்கு வந்துடு. எங்க நிலத்துல விதைச்சுக்கலாம். வெறுங்கையோட வந்தா என் மாமியா வாயைப் பத்தி உனக்குத் தெரியும். தினமும் நீ திங்கிற ரொட்டியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா."

"தெரியும்."

"விதையோட வந்தா உன் பங்கைத்தான் நீ சாப்பிடுற. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"சரிடி. தெரியும்."

ஜனாஸா புறப்பட்டது. முற்றத்திலிருந்து மேலே ஏறும் பாதையில் அந்த வெள்ளைப் போர்வை தெரிந்த வரைக்கும் சல்ஹா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், பெரிய மரத்தட்டைத் துடைத்து வைத்தாள். வருவது எதுவானாலும் அதில்தான் கொட்டிப் பங்கிட வேண்டும்.

நண்பகலுக்கு மேல் பெண்கள் வந்தார்கள். எல்லோர் கையிலும் துணியால் மூடிய பாத்திரம் இருந்தது. சல்ஹா ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே கொண்டுபோய்த் திறந்தாள். கொஞ்சம் காய்ந்த பேரீச்சை. தவிட்டு ரொட்டி. உப்பில்லாமல் வேகவைத்த காட்டுக்கிழங்கு. மரத்தட்டின் அடி மறையவில்லை. துக்க வீட்டுப் பாத்திரங்கள் வெறுமையாகத் திரும்புவதே வழக்கம். திறந்தவற்றைத் துடைத்து, துணியைச் சுற்றி வாசலருகே அடுக்கினாள்.

மூலைவீட்டு கதூஜா கிழவி முற்றத்தில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள். "சாப்பிடாம போனா சண்டைக்கு வருவானே பெல்காசிம். ஒரு தடவை என்னைத் துரத்திக்கிட்டு வந்து வாயில அத்திப்பழத்தைத் திணிச்சான். அப்பவே எனக்குப் பல்லு கிடையாது."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. முழுங்கினேன்."

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது.

கடைசியாக வந்தவள் தப்ரா. தலையை மூடிய துணியைக் கன்னம்வரை இழுத்துவிட்டிருந்தாள். கையில் மண்பாத்திரம். அதன் மேல் நீலக்கோட்டுத் துணியை இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டிருந்தாள்.

"அக்கா" என்று நீட்டினாள். அவள் கண்கள் சல்ஹாவின் காலடியிலேயே இருந்தன.

சல்ஹா வாங்கினாள். எதிர்பாராத லேசில் கை சட்டென்று மேலே போயிற்று. முற்றத்தில் பேச்சு நின்றிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குடி இவ்வளவு" என்றாள் சல்ஹா, முற்றத்துக்கே கேட்கும்படி. "பிள்ளைங்களுக்கு வச்சியா இல்லையா?"

தப்ராவின் உதடு அசைந்தது.

சல்ஹா பாத்திரத்தை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்து, மெல்ல அடியெடுத்து வைத்து உள்ளே போனாள். தறிக்குப் பின்னால் உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. நன்றாகக் கழுவியிருந்தாள், ஓரத்தில் இன்னும் ஈரம் காயவில்லை.

வெளியே கதூஜாவின் குரல் மறுபடி எழுந்தது. விதைப் பானையின் உடைந்த பூச்சு தரையில் சிதறிக் கிடந்தது. தகரக் குவளை பக்கத்திலேயே இருந்தது. சல்ஹா அதை எடுக்கவில்லை. கையைத் தோள்வரை பானைக்குள் விட்டு அள்ளினாள். மறுபடியும் அள்ளினாள். பாத்திரம் விளிம்புவரை நிறைந்ததும் துணியை மூடி, இரண்டு முடிச்சையும் பழையபடியே போட்டாள்.

ஹதியா குழந்தையோடு வந்து தறியருகே நின்றாள். "தப்ரா என்ன கொண்டு வந்தா?"

"பார்லி."

ஹதியா பானையின் திறந்த வாயைப் பார்த்தாள். அம்மாவின் கையில் முழங்கைக்கு மேல் ஒட்டியிருந்த உமியைப் பார்த்தாள். குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மாலைவாக்கில் பெண்கள் எழுந்தார்கள். ஆளுக்கு ஒரு பேரீச்சையும் ஒரு விள்ளல் ரொட்டியும் கிடைத்திருந்தது. அவரவர் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினார்கள். மேலே வானத்தில் துளி மேகமில்லை.

தப்ரா மட்டும் பின்தங்கி நின்றாள். சல்ஹா நீலக்கோட்டுத் துணி மூடிய பாத்திரத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

"அக்கா, நான்..."

"பாத்துப் போ. படியில கல்லு பெயர்ந்து கிடக்கு."

தப்ரா ஒரு கையை நீட்டி வாங்கினாள். பாத்திரம் சரிந்து கீழே போயிற்று. அவளுடைய மற்றக் கை ஓடி வந்து அதன் அடியில் நின்றது.